இரண்டாம் தலையீடு

முப்பது வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று ஒருவன் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். உரைபெயர்ப்பாளனின் வயது பிறந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அவனுடைய வாய் உலர்ந்த தருணங்களிலிருந்து எண்ணப்படுகிறது. அவ்வகையில் நான் கிழவன். இம்மாத முடிவோடு விலகுகிறேன். நான் இருந்த கதிரையில் இனி அமரப்போகும் உங்களுக்கு என் வெற்றிகளை எழுதி வைக்கவே விரும்பினேன்; அவை குறைவல்ல. எழுத அமர்ந்தபோதோ, ஒரு தோல்வி முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. ஒரே ஒரு சொல்லை வீசி, இலங்கையின் வன்னிப் பகுதி ஊரான மல்லாவியில் பாதிச் சனத்தைக் காட்டுக்கு ஓடவைத்தவன் நான். அப்படி ஓடியவர்களுள் ஒருத்தி, இன்னும் இரண்டு நாள்களுக்குள் வைத்தியசாலைக்குப் போய்ச் சேராவிட்டால் உயிர் தங்காது என்று மருத்துவிச்சி சொல்லியிருந்த கர்ப்பிணி.

சொல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். நான் மேடையில் வளர்ந்தவன். விவாதப் போட்டிகளில் என் பெயர் வாசிக்கப்பட்டால் எதிரணித் தலைவர் தண்ணீர் கேட்பார். என் கடைசிப் போட்டியின் பொருள்: 'ஓர் அரசின் இறைமை, அந்நியப் படைத் தலையீட்டுக்கு எதிரான அரணாகுமா?' காலையில், அரணாகும் என்று பேசி வென்றேன். மாலையில் குலுக்கல் மறுபக்கம் விழுந்தது. அரணாகாது என்று பேசியும் வென்றேன். பிற நாட்டு மண்ணுக்குள் படை நுழையச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவுகள் மூன்று: அந்நாட்டு அரசின் அழைப்பு, தற்காப்பு, பாதுகாப்புச் சபையின் தீர்மானம். இந்த மூன்றையும் விரல் மடக்கிச் சொல்லும்போது மண்டபம் மூச்சுவிடாது. பிரிந்து போக விரும்பும் ஒரு மக்கள் கூட்டத்துக்கு இந்தக் கதவுகளின் திறவுகோல் எதுவும் தரப்படவில்லை என்று நான் குரலைத் தாழ்த்தும்போது, நடுவர்களின் பேனா அசையும்.

அந்த வாயோடுதான் இந்தப் பணிக்கு வந்தேன். கிளிநொச்சிச் சனம் போரால் இடம்பெயர்ந்து மல்லாவியிலும் அதன் சுற்றாடலிலும் தறப்பாள் விரிப்புக் கூரைகளுக்குக் கீழே ஒதுங்கியிருந்த அடுத்த ஆண்டு அது. வெளிநாட்டு நிவாரண அமைப்பொன்றின் சிறு அலுவலகம் அங்கே இயங்கியது. அதன் பிரதிநிதியாக வந்திருந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது; எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. அலுவலகத்தின் உயிர்நாடி ஓர் அம்புலன்ஸ் வண்டி. வியாழக்கிழமைதோறும் வெள்ளைக்கொடி கட்டி, அரசும் அதை எதிர்த்துப் போரிட்ட இயக்கமும் ஆகிய இரு தரப்பினதும் அனுமதியோடு போர் முன்னரங்கைக் கடந்து, மல்லாவியில் செய்ய முடியாத சத்திரசிகிச்சைகளுக்காக நோயாளிகளை அரசின் பக்கம் இருந்த வவுனியாவுக்குக் கொண்டு போகும். ஒரு தரப்பு முகஞ்சுழித்தாலும் வண்டி நின்றுவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலை, திரேசா அக்கா அலுவலகத்துக்கு வந்தார். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பம். கரையை விட்டு மகள் ஜெசிந்தாவோடு வந்து மல்லாவியில் கொட்டில் போட்டிருந்தார். மருமகன் தொழிலுக்காகப் பூநகரிப் பக்கம் போயிருந்தான். அங்கிருந்து ஒரு செய்தி வந்து சேர ஒரு கிழமை ஆகும்.

"பிள்ளைக்குப் பிறசர் கூடிப்போச்சாம் தம்பி. கால் ரெண்டும் வீங்கி, கண்ணும் மங்கலாத் தெரியுதெண்டு நேற்றையில இருந்து சொல்லுறாள். வியாழக்கிழமை வண்டியில ஏத்தாட்டித் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை எண்டு மருத்துவிச்சி முகத்துக்கு நேரை சொல்லிப் போட்டா. பேரைப் பதிஞ்சு போட்டியளோ?"

"பதிஞ்சிட்டன் அக்கா."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. ஜெசிந்தா. எழுத்துப் பிழைச்சா அங்கால விடமாட்டினம்."

அவர் ஓர் எழுத்துக்குப் பயந்தார். நான் அன்று பிற்பகலே ஒரு சொல்லையே பிழையாக்கப்போகிறேன் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிற்பகல், பாடசாலைக்குப் பின்னால் நின்ற பெரிய பாலைமரத்தின் கீழ்க் கூட்டம். அம்மையார் சிக்கனமாகப் பேசுபவர். ஒரு வசனம் சொல்லிவிட்டு நிறுத்துவார். தறப்பாள் பற்றிச் சொன்னார், கிணறு இறைப்பது பற்றிச் சொன்னார். பெயர்த்தேன். பிறகு ஆங்கிலத்தில் இவ்வாறு சொன்னார்: எமது 'இன்ரவென்ஷனின்' இரண்டாம் கட்டம் மழைக்கு முன்னர் தொடங்கும், முதற்கட்டத்தில் நேர்ந்த குறைகளிலிருந்து கற்றிருக்கிறோம்.

நிவாரண அலுவலகங்களின் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பொருள் மிகச் சாதாரணமானது: தறப்பாள் கொடுப்பதும் அதுதான், கிணறு இறைப்பதும் அதுதான். எனக்கோ அந்தச் சொல் விவாதப் பரிசான வெள்ளிக் கேடயத்தோடு அறிமுகமானது. காதில் விழுந்த கணத்தில் உள்ளே மேடை விளக்குகள் எரிந்தன. நான் எழுந்தே நின்றேன்.

"மாரி மழைக்கு முன்னரே இரண்டாம் தலையீடு தொடங்கும்! முதலாம் தலையீட்டில் நேர்ந்த குறைகள் இம்முறை நேரா!"

தோழர்களே, அங்கே இருந்தவர்களின் காதால் இதைக் கேட்டுப் பாருங்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன்னர்தான் கடல் கடந்து வந்த ஒரு படை இந்த மண்ணைவிட்டுப் போயிருந்தது. அமைதியின் பெயரால் வந்து, சண்டையாய் மாறி, திரும்பிப் போன படை. பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் தலையீடு. வன்னியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே இருக்கவில்லை. முதலாம் தலையீடு எது என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது வரப்போகிறது என்று, வெளிநாட்டுப் பிரதிநிதி பக்கத்தில் இருக்க, நான் அறிவித்திருக்கிறேன்.

கூட்டம் உறைந்தது. அந்த மௌனத்தைக் கைதட்டலுக்கு மூத்த உடன்பிறப்பு என்று எண்ணி நான் மகிழ்ந்தேன்.

முன்வரிசையிலிருந்து திரேசா அக்கா கேட்டார்: "ஆரைக் கேட்டு வருகினம்?"

இந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் அம்மையாரிடம் ஒப்படைத்திருந்தால் எல்லாமே அந்த இடத்தில் முடிந்திருக்கும். 'யார் வருகிறார்கள்?' என்று அவர் திகைத்திருப்பார், பிழை வெளிப்பட்டிருக்கும். ஆனால் எதிரணியிலிருந்து கேள்வி வந்தால் மறுமொழி சொல்லாமல் விடும் பழக்கம் எனக்கு இல்லையே. அவர் பக்கம் திரும்பாமலே சொன்னேன்:

"அம்மா, அழைக்கும் உரிமை அரசுக்கே உரியது. சர்வதேசச் சட்டப்படி உங்களைக் கேட்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை."

திரேசா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மையார் என்னைப் பார்த்து, என்ன கேட்டார் என்றார். சிறு ஐயம், தீர்த்துவிட்டேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் சாரதி முத்தையா அண்ணன் தேநீர்கூடக் குடிக்காமல் வந்து வாசலில் நின்றார். அவர் குடும்பம் கலவரத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்த குடும்பம். பேச்சில் இன்னும் மலை இருந்தது.

"தம்பி, நேத்து என்னத்தச் சொல்லிப்புட்டு வந்தீங்க? லயத்துல இருந்து அடிச்சு வெரட்டுனாங்க, ஓடுனோம். கிளிநொச்சியில இருந்து ஓடுனோம். இப்ப வெளிநாட்டு ஆமி கப்பல்ல வருதுன்னு சனம் மறுபடியும் மூட்டை கட்டுது. எந்த நாட்டு ஆமின்னாவது நீங்க சொல்லியிருந்தா, எந்தப் பக்கம் ஓடுறதுன்னு தெரிஞ்சிருக்குமில்ல?"

வெளியே போய்ப் பார்த்தேன். கொட்டில்களின் பக்கத்தில் மண்வெட்டிகள் விழுந்துகொண்டிருந்தன, பதுங்குகுழிகளை ஆழமாக்கினார்கள். கடையில் தீப்பெட்டி முடிந்திருந்தது. சைக்கிள்களில் பாயும் பானையும் கட்டி, வவுனிக்குளத்துக்கு அப்பாலுள்ள காட்டை நோக்கிப் போனார்கள். தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து வந்த ஒருவர், முல்லைத்தீவுக் கடலில் கப்பல் நிற்பதைக் கண்டவர்களைக் கண்டதாகச் சொன்னார். நான் பேசிய வசனம் ஒரே இரவில் கப்பலாகியிருந்தது.

அலுவலகத்துக்கு ஓடிவந்து முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அகராதியைத் திறந்தேன். அகராதி என் பக்கம்தான் நின்றது. இன்ரவென்ஷன்: தலையீடு. கறுப்பு மையில், ஐயத்துக்கு இடமின்றி. அகராதி என்னைக் காப்பாற்றும், ஜெசிந்தாவைக் காப்பாற்றாது என்று விளங்கியபோது அதை மூடிவைத்துவிட்டு அம்மையாரிடம் போனேன்.

அம்மையார் நிதானமாகக் கேட்டார்: "நீ சொன்னதை அப்படியே எனக்கு ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்."

சொன்னேன். பாதி வசனத்திலேயே அவர் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. திட்டவில்லை. தம் குறிப்பேட்டில் அவ்வசனத்தை எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தார். அன்றிலிருந்து, ஐயமான எந்தச் சொல்லையும் எனக்குள்ளேயே மற்ற மொழிக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயால் விடுகிறேன்.

நண்பகலுக்கு முன் துண்டுக் கடிதம் ஒன்று வந்தது. அந்தப் பகுதியைத் தன் கையில் வைத்திருந்த இயக்கத்தின் நிர்வாகப் பொறுப்பாளரிடமிருந்து இரண்டு வரி: வியாழக்கிழமை அம்புலன்ஸ் ஓடாது. பிரதிநிதியும் மொழிபெயர்ப்பாளரும் உடனே வந்து விளக்கம் தரவும்.

போகும் வழியெல்லாம் முத்தையா அண்ணன் குழிகளை விலக்கி வண்டியை ஓட்டினார். என் தலைக்குள்ளோ வாதங்கள் அணிவகுத்தன. சொல் அகராதிப்படி சரி என்று ஒன்று. அம்மையார்தான் அந்தச் சொல்லைச் சொன்னார் என்று மற்றொன்று. இரண்டாவது வாதம் உண்மையும்கூட. அதனாலேயே அது ஆபத்தானது. அதை நான் எடுத்துவைத்தால் அவர் வெளியேற்றப்படுவார், அலுவலகம் மூடப்படும், நான் பத்திரமாக வீடு போவேன், வண்டி ஒருநாளும் ஓடாது. என் பிழை என்று சொன்னால்? வதந்தி பரப்பி ஊரைக் கலைத்தவனுக்கு அந்த நாள்களில் என்ன நடக்கும் என்று எவரும் உரத்துப் பேசுவதில்லை.

பொறுப்பாளருக்கு என் வயதுதான் இருக்கும். மேசையில் ஒரு பென்சில். அதன் அடிப்பக்கத்தால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீர்தானே மொழிபெயர்த்தது?"

"ஓம்."

"உம்மட பேச்சுக் கேட்டிருக்கிறன். காலமை இறைமைக்குப் பேசினீர், பின்னேரம் தலையீட்டுக்குப் பேசினீர். ரெண்டிலையும் வெண்டனீர். இண்டைக்கு எந்தப் பக்கம்?"

மேடையில் என்றால் இதற்கு ஏழு மறுமொழிகள் சொல்லியிருப்பேன். அங்கே வந்தது இவ்வளவுதான்:

"ஒரு படையும் வரேல்லை. அவா சொன்னது தறப்பாளையும் கிணத்தையும் வண்டியையும். படை எண்டு கேக்கிற மாதிரிச் சொன்னது நான். பிழை என்ர."

பென்சில் நிற்கவில்லை. அவர் அம்மையாரைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும். இவவிட்ட ஒண்டு கேளும். கிழமைக்குக் கிழமை எங்களிட்ட வந்து அனுமதி கேக்கிறியள். அப்பிடியெண்டா இஞ்ச இருக்கிறது எங்கட ஆட்சி எண்டு ஒத்துக்கொள்ளுறியள்தானே?"

கேள்வியை ஓர் எழுத்தும் சிந்தாமல் ஆங்கிலத்தில் வைத்தேன். அம்மையாருடைய மறுமொழி நான்கு சிறு வசனங்கள்.

என்னிடம் பட்டுப்போல ஒரு வசனம் தயாராக இருந்தது: 'உங்கள் நிர்வாகத்தின் மேல் நாம் பெருமதிப்புக் கொண்டுள்ளோம்.' பொய்யென்று எவரும் சொல்ல முடியாது. அந்த அறையிலிருந்து என்னை நடத்தியே வெளியே கொண்டுவந்து விடும். அதேநேரம், 'வெளிநாட்டு அமைப்பு எங்களை ஏற்றுக்கொண்டது' என்று அந்த வசனம் மாலைக்குள் முன்னரங்கைக் கடந்து மறுபக்கம் போய்விடும். தன் இறைமையில் கைவைத்த அமைப்பின் வண்டிக்கு எந்த அரசு சாவடிப் படலை திறக்கும்? திங்களன்று மிகைப்படுத்திய சொல் இந்தப் பக்கத்துப் பாதையை மூடியது. செவ்வாயன்று மென்மைப்படுத்தும் சொல் அந்தப் பக்கத்துப் பாதையை மூடும். நடுவில் ஒருத்தி கண் மங்கிப் படுத்திருக்கிறாள்.

அவர் சொன்னதை அவருடைய தொனியிலேயே, அவர் நிறுத்திய இடங்களில் நிறுத்திச் சொன்னேன்:

"இல்லை. உங்களிட்ட அனுமதி கேக்கிறம்; உங்களை அங்கீகரிக்கேல்லை. அரசாங்கத்திட்டையும் கேட்டிருக்கிறம், அதாலை அவைக்குப் புதுசா ஒரு உரிமையும் வரேல்லை. பாதை உங்கட கையில இருக்கு, நோயாளி பாதையில போகவேணும், அதுக்காகக் கேக்கிறம்."

பென்சில் நின்றது.

வெளியே எங்கோ தொலைவில் எறிகணை ஒன்று விழுந்த ஓசை. எவரும் அதைக் கவனிக்கவில்லை. சுவரோரம் நின்ற ஒருவர் கால் மாற்றி நின்றார். அந்தச் செருப்பின் உரசலை இன்றும் என்னால் கேட்க முடிகிறது. அனுமதி, அங்கீகாரம். இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள். மாணவனாக அவற்றின் வேறுபாட்டுக்கு வரைவிலக்கணம் எழுதியிருக்கிறேன். அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்று அந்த அறையில்தான் உடம்பால் அறிந்தேன்.

பொறுப்பாளர் என்னை நோக்கிக் கேட்டார்: "இதை இப்பிடியே சொல்லச் சொன்னவாவோ, நீர் கூட்டிக் குறைச்சதோ?"

"கூட்டேல்லை. குறைக்கவும் இல்லை."

"பயமா இருக்கோ?"

"ஓம்."

அவருடைய வாயோரத்தில் சிரிப்புப் போல ஒன்று வந்து, வராமலே போனது. "திங்கட்கிழமையும் இப்பிடிப் பயந்திருந்தீரெண்டாச் சனம் வீட்டில இருந்திருக்கும். சரி. ஆரிட்டச் சொன்னீரோ அவையளிட்டயே போய், உம்மட வாயாலேயே மாத்திச் சொல்லும். சொன்னீரெண்டு எனக்குக் கேட்டா, வியாழன் வண்டி போகலாம். கேக்காட்டி, நீர் திரும்ப இஞ்ச வரவேண்டி வரும்."

புதன் காலை, அதே பாலைமரம். பாதிக்கும் குறைவானவர்களே இருந்தார்கள். உயரமான இடமொன்றும் தேடாமல் மணலில் நின்று, எழுத்துத் தமிழை வீட்டில் விட்டுவிட்டுச் சொன்னேன்: ஆமி ஒண்டும் வரேல்லை. நான் பிழையாச் சொல்லிப் போட்டன். தறப்பாளும் வண்டியும்தான் வருது.

ஒருவர் எழும்பினார். "அப்ப நாங்கள் வெட்டின பங்கரை என்ன செய்யிறது? நீர் வந்து மூடுவீரோ?"

"மூடவேண்டாம். எறிகணைக்கு உதவும்" என்றார் மற்றொருவர். சிரித்தார்கள். அந்தச் சிரிப்புப் போல ஒரு தண்டனையை எந்த நடுவரும் எனக்கு வழங்கியதில்லை. ஆயினும் அது மூச்சை மீட்டுத் தந்தது.

திரேசா அக்கா அங்கே இல்லை. கொட்டில் வெறுமையாக இருந்தது. மாதா படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் கம்பில் நின்றது. பக்கத்துக் கொட்டிலில் கேட்டபோது, செவ்வாய் விடியலிலேயே மகளை உழவு இயந்திரப் பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டு போய்விட்டார் என்றார்கள். அந்தப் பெட்டியில், அந்தப் பாதையில், அந்த உடம்பு.

முத்தையா அண்ணன், அம்மையார், நான் மூவரும் வவுனிக்குளத்து அலைகரையோரமாகத் தேடினோம். மரத்துக்கு மரம் ஒரு குடும்பம். எங்கள் வண்டியைக் கண்டதும் சிலர் இன்னும் உள்ளே நகர்ந்தார்கள். வெள்ளைத் தோலைக் கண்டு, படையே வந்துவிட்டது என்று ஒரு பெண் பிள்ளைகளைத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எவ்வளவோ மேடைகளில் ஏறி இறங்கியவன் நான். என்னைக் கண்டு மனிதர் பயந்தோடிய இடம் அது ஒன்றுதான்.

பிற்பகலில் கண்டோம். ஒரு மருதமரத்தடியில் பாய். ஜெசிந்தா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் ஊதி, இமைகள் பாரமாகி. திரேசா அக்கா எங்களுக்கும் பாய்க்கும் நடுவில் வந்து நின்றார். கையில் விறகு வெட்டும் கத்தி. அதை எங்களை நோக்கி நீட்டவில்லை, வைத்துவிடவும் இல்லை.

"அக்கா, ஆமி வரேல்லை" என்றேன்.

"திங்கட்கிழமை வருகுது எண்டனீங்கள்."

"அது பிழை."

"போன முறை அவங்கள் வந்த காலத்திலதான் இவளின்ர தேப்பன் கடலுக்குப் போனவர். சண்டை துவங்கின நாள். இண்டைவரைக்கும் ஆர் என்ன செய்தவை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. கடல் எண்டினம், வெடி எண்டினம். இண்டைக்குப் பிள்ளையை அங்கால அனுப்பிப் போட்டு, நாளைக்கு வாற ஆக்கள் பாதையைப் பூட்டினா நான் இஞ்ச, அவள் அங்க. ஒரு பிள்ளைதான் தம்பி எனக்கு."

எனக்குள் வாதம் எழுந்தது, அழகாகவே எழுந்தது. அதைச் சொல்லாமல், அவர் கூறியது முழுவதையும் அம்மையாருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், கடல் என்பதையும் வெடி என்பதையும் விடாமல். அவர் மணலில் குந்தி, ஜெசிந்தாவின் முகத்துக்கு நேரே இருந்துகொண்டு பேசினார்.

நான் பெயர்க்கத் தொடங்குமுன் திரேசா அக்கா கையை உயர்த்தினார்.

"நில்லுங்கோ தம்பி. இப்ப நீங்கள் சொல்லப்போறது உங்கட கதையோ, அவாவின்ர கதையோ?"

"அவாவின்ர கதை, அக்கா. என்ர கதை ஒண்டும் இல்லை."

"அப்பச் சொல்லுங்கோ."

"நாங்கள் உன்னைக் கேக்கத்தான் வந்தனாங்கள். நீ ஓமெண்டாத்தான் வண்டியில ஏத்துவம். வேண்டாமெண்டா ஏத்த மாட்டம். போனாலும் ஆபத்து இருக்கு. பாதையில என்ன நடக்கும் எண்டு என்னால வாக்குத் தர ஏலாது. இஞ்ச இருந்தா ஆபத்துக் கூட. உன்னோட அம்மாவும் வரலாம். அதுக்கும் ரெண்டு பக்கத்திலையும் அனுமதி எடுப்பன்."

வாக்குத் தர இயலாது என்ற வசனத்தைச் சொல்லும்போது, அதை விழுங்கிவிட வேண்டும் என்ற ஆசை தொண்டைவரை வந்தது. விழுங்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அந்த வசனத்தைக் கேட்டபோதுதான் திரேசா அக்கா கத்தியைத் தரையில் போட்டார். ஆபத்து இல்லை என்று சொல்பவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

அதுவரை அம்மையாரைத் தவிர எவரும் ஜெசிந்தாவின் வாயைப் பார்க்கவில்லை. அவள் கண்ணைத் திறவாமலே சொன்னாள்: "அம்மா, நான் போறன். என்னைத்தானே கேக்கினம்."

முத்தையா அண்ணன் வண்டியின் பின்கதவைத் திறந்தார். "ஏறுங்கக்கா. இதுல இருக்கறதே ரெண்டு கட்டில்தான். ஆமிய ஏத்தணும்னு நெனச்சாலும் எடம் இல்ல."

திரேசா அக்கா அழுதுகொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே மகளின் தலையைத் தூக்கினார்.

வியாழன் காலை வெள்ளைக்கொடி முன்னரங்கை நோக்கிப் போனது. எனக்கு அந்த வண்டியில் இடமில்லை. எல்லையைக் கடந்தபின் என்ன நடக்கிறது என்று அறிய எந்த வழியும் இல்லாத காலம் அது. தெற்குப் பக்கமிருந்து ஓசை கேட்கும்போதெல்லாம், அது எந்தப் பாதையில் என்று அளந்தபடி இரண்டு நாள் இருந்தேன். பேச்சில் ஒருபோதும் தோற்காதவன், பேசுவதற்கு எவருமின்றிப் பயந்திருந்த இரண்டு நாள்கள். சனி நண்பகல் வண்டி திரும்பியது. முத்தையா அண்ணன் இறங்கி, கொடியைக் கழற்றி மடித்து, அதை முழுமையாக மடித்து முடித்தபின்னரே வாய் திறந்தார்.

"பொண்ணு. வயித்தக் கீறித்தான் எடுத்தாங்களாம். தாயும் தப்பிட்டா. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தா ரெண்டுமே இல்லன்னு டாக்டர் சொன்னாரு தம்பி." பிறகு, இன்னும் மெதுவாக: "அந்த ஒரு நாளப் பறிக்கப் பாத்தது யாருன்னு அவருக்குத் தெரியாது. நான் சொல்லல."

அதை உங்களுக்குச் சொல்லவே இதை எழுதினேன்.

இரு தரப்பும் இசைந்து, திரேசா அக்கா பேத்தியோடும் மகளோடும் திரும்பி வர ஏழு கிழமை ஆனது. அதன்பின் நான் பெயர்த்த ஒவ்வொரு கூட்டத்திலும் முன்வரிசையில் வந்து இருந்தார். நான் வாயைத் திறக்குமுன் உரத்து ஒரே கேள்வி. கூட்டம் சிரிக்கும். நான் மறுமொழி சொல்லியாக வேண்டும். நான்கு ஆண்டுகள், ஒரு கூட்டமும் தப்பவில்லை. இறைமை எங்கே குடியிருக்கிறது என்று மேடைகளில் நெடுநேரம் பேசியவன் நான். அது அரசிடமா, மக்களிடமா என்பதில் இரண்டு பக்கமும் வென்றவன். இந்தக் கேள்வியின் முன்னால் மட்டும் எனக்கு இரண்டாவது பக்கம் கிடைத்ததில்லை.

சென்ற வாரம் என் கடைசிக் கூட்டம். புதிய பிரதிநிதி ஒருவர், புதிய சொற்கள். நான் எழுந்தேன்.

"தம்பி, உங்கட கதையோ, அவரின்ர கதையோ?"

"அவரின்ர கதை, அக்கா."

"அப்பச் சொல்லுங்கோ. கேப்பம்."

அனுமதி கிடைத்தது. பேசினேன்.